டேஷ்போர்டுல ப்ராக்ஸிய டெலீட் பண்ணா அக்கவுண்ட் எல்லாம் டைரக்ட்ல ஓடுது, அசைன்மெண்ட்ட நீங்கள்லாம் எப்படி வச்சுக்கிறீங்க?

#1 கண்டனூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆபீஸ்ல வேலை பாக்குறேன். ஆத்தங்குடி டைல்ஸ் ஏத்துமதி பண்றவங்க, கண்டாங்கி சேலை விக்கிறவங்க, பலகாரம் பார்சல் போடுறவங்க, அப்பறம் சிங்கப்பூர் மலேசியால சாப்பாட்டுக் கடை வச்சிருக்க நம்ம ஊரு ஆளுக, இவங்களோட ஆன்லைன் கடை, விளம்பர அக்கவுண்ட், ரெவ்யூவுக்கு பதில் போடுறது எல்லாம் நாங்கதான் பாத்துக்கிறோம். அக்கவுண்ட் எல்லாம் அவங்களோடதுதான், எழுதிக் குடுத்துதான் பாக்கச் சொல்லிருக்காங்க.

வெளிநாட்டு அக்கவுண்ட்ட இங்க இருந்து நேரா தொறந்தா புது ஊர்ல இருந்து லாகின்னு லாக் பண்ணிருது, ஓடிபி அங்க கடைக்காரர் போனுக்குப் போகும், அவரு கல்லால நிப்பாரு, எடுக்க மாட்டாரு. அதனால ஒவ்வொண்ணுக்கும் அந்தந்த நாட்டு ஸ்டாட்டிக் ப்ராக்ஸி (நம்ம லைன அந்த ஊர் ஐபி, அதாவது இணைய முகவரி, வழியா அனுப்புற நடு சர்வர், ஐபி மாறாது) வாங்கி, அக்கவுண்ட்ட எல்லாம் ஒரே எடத்துல இருந்து தொறக்குற ஒரு டேஷ்போர்டுல (பேரு வேணாம்) ஏத்தி, எந்த அக்கவுண்ட்டுக்கு எந்த ப்ராக்ஸின்னு அசைன் பண்ணி வச்சிருக்கோம்.

இப்ப விஷயம் என்னன்னா, போன வாரம் எங்க ஆபீஸ்ல காலாவதியான ப்ராக்ஸிய எல்லாம் பல்க் டெலீட் குடுத்தாங்க. அது ஒரு வார்த்தை கேக்கல. அதுல கட்டியிருந்த அக்கவுண்ட் எல்லாம் ப்ராக்ஸி காலத்துல (column) வெறும் கோடு. மறுநாள் வெள்ளென ஆபீஸ் புள்ளைங்க வழக்கம் போல ஓப்பன் அமுக்கிருக்காங்க, அது எந்த எச்சரிக்கையும் இல்லாம காரைக்குடி பிராட்பேண்ட் ஐபிலயே தொறந்துருச்சு. சிங்கப்பூர் கடை அக்கவுண்ட் லாக். இன்னும் ரெண்டு மூணு வெரிஃபிகேஷன்ல நிக்குது.

டேஷ்போர்ட மாத்தணுமா, இல்ல நம்ம வச்சுக்கிற முறைய மாத்தணுமா? இதே மாதிரி வேலை பாக்குறவங்க சொல்லுங்க.

#2 குழிப்பணியாரம்

ப்ராக்ஸிக்கு ரினிவல் தேதி காலண்டர்ல போடலையா ப்ரோ. பாதி பிரச்சனை அங்கதான்.

#3 கண்டனூர்க்காரன்

போட்டுருக்கோம் ப்ரோ, காலாவதி ஆனது பிரச்சனை இல்ல, வேணாம்னுதான் விட்டோம், புதுசு வாங்கி ஏத்தியும் ஆச்சு. பழச எடுக்கையில கூடவே அசைன்மெண்ட்டும் போயிருச்சு, அதான்.

#4 பழைய_சர்வர்

தம்பி, ப்ராக்ஸிய விடுங்க, உங்க பிரச்சனை வேற எடத்துல இருக்கு. நான் தேவகோட்டைக்காரன், இப்ப சென்னைல, இந்த மாதிரி சிஸ்டம் ரெண்டு மூணு எழுதிக் குடுத்துருக்கேன், அதனால உள்ள என்ன நடந்துருக்கும்னு கிட்டத்தட்ட சொல்லிரலாம்.

அக்கவுண்ட் டேபிள்ல ப்ராக்ஸி நம்பர்னு ஒரு காலம் இருக்கும். ப்ராக்ஸி டேபிள்ல ஒரு வரிய அழிச்சா இந்தக் காலம் என்ன ஆகணும்னு டேட்டாபேஸ்ல ஒரு விதி எழுதணும். 'ரெஸ்ட்ரிக்ட்'னு எழுதுனா, இதுல அக்கவுண்ட் கட்டியிருக்கு, அழிக்க விடமாட்டேன்னு எரர் அடிக்கும். 'செட் நல்'னு எழுதுனா சத்தமே இல்லாம காலத்த காலியாக்கிட்டு அழிச்சிரும். எழுதுற பசங்க எரர் வராம இருக்கணும்னு ரெண்டாவதப் போட்டுருவாங்க. அதுவாச்சும் பரவால்ல, ப்ரவுசரத் தொறக்குற ப்ரோக்ராம் கோடுல 'ப்ராக்ஸி இருந்தா அது வழியா போ, இல்லன்னா நேரா போ'ன்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அதான் ஆள முழுங்குறது. காலின்னா டைரக்ட்னு அர்த்தம் இல்ல, காலின்னா இன்னும் முடிவாகலன்னு அர்த்தம், அந்த நெலமைல அக்கவுண்ட் தொறக்கவே கூடாது.

நான் எழுதுனதுல மூணு நெலமை வைப்பேன். ப்ராக்ஸி வழியா, வேணும்னே டைரக்ட், நிறுத்தி வச்சது. புதுசா ஒரு அக்கவுண்ட் உள்ள வந்தா மூணாவதுலதான் பொறக்கும். ப்ராக்ஸி செத்தாலும் மூணாவதுக்குத்தான் போகும். ஒருத்தர் கைய வச்சு மாத்துனாத்தான் ஓடும். அன்னைக்கு ரெண்டு மணி நேரம் வேலை நிக்கும், நிக்கட்டும், அக்கவுண்ட் லாக் ஆகி கடைக்காரர் பாஸ்போர்ட் காப்பி அனுப்பி திரும்ப வாங்குறதுக்கு இது எவ்வளவோ மேல்.

உங்க டேஷ்போர்டு அடுத்தவன் எழுதுனது, கோட மாத்த முடியாது. அப்ப ரூட்டர்ல பூட்டுங்க. இந்த வேலைக்குன்னு ரெண்டு மெஷின ஒதுக்குங்க, மைக்ரோடிக் மாதிரி ரூட்டர் இருந்தா அட்ரஸ் லிஸ்ட் ஒண்ணு போட்டு அதுல ப்ராக்ஸி ஐபி, டேஷ்போர்டு சர்வர் மட்டும் சேருங்க (ஐபிக்கு பதிலா ஹோஸ்ட்நேம் குடுத்தாலும் அதுவே பாத்து எடுத்துக்கும்), அந்த மெஷின்ல இருந்து வர்ற மிச்ச எல்லாத்தையும் ட்ராப் பண்ணுங்க. அதுக்கப்பறம் டேஷ்போர்டு எவ்வளவு முட்டாள்தனமா டைரக்ட்ல தொறந்தாலும் பேஜ் லோடு ஆகாது. அவ்வளவுதான் வேணும்.

#5 பள்ளத்தூர்_பொண்ணு

அண்ணே சொன்னது சரி. நான் இதுல இன்னொண்ணு சேக்குறேன், ஏன்னா எங்க ஆபீஸ்ல டெலீட்ட விட இம்போர்ட்லதான் அடி வாங்குனோம்.

நெறைய டேஷ்போர்டுல அசைன்மெண்ட் எப்படின்னா, இந்தப் பக்கம் அக்கவுண்ட் லிஸ்ட்ட ஒட்டு, அந்தப் பக்கம் ப்ராக்ஸி லிஸ்ட்ட ஒட்டு, மொத வரிக்கு மொத வரி, ரெண்டாவதுக்கு ரெண்டாவதுன்னு கட்டிரும். பாக்க ஈசியா இருக்கும். ப்ராக்ஸி லிஸ்ட்ல நடுவுல ஒரு வரி விட்டுப்போச்சுன்னு வைங்க, அதுக்குக் கீழ இருக்க அத்தனையும் ஒண்ணு மேல ஏறிரும், மலேசியா அக்கவுண்ட் எல்லாம் துபாய்ல இருந்து தொறக்கும், டேஷ்போர்டு பச்சைலதான் காட்டும் ஏன்னா எல்லா ப்ராக்ஸியும் உயிரோடதான இருக்கு. எக்செல்ல ஒரே ஒரு காலத்த மட்டும் செலக்ட் பண்ணி சார்ட் குடுத்தாலும் இதே கதிதான்.

அதனால வரிசைய நம்பி அசைன் பண்ணாதீங்க. ஒவ்வொரு ப்ராக்ஸிக்கும் நீங்களே ஒரு பேரு வைங்க, சிங்-01, மலே-03 அப்படி, அக்கவுண்ட் வரில அந்தப் பேர எழுதி சிஎஸ்வில (கமா போட்டுப் பிரிச்ச ஷீட் ஃபைல்) ஏத்துங்க. பேரு பேருக்குத்தான் போயிச் சேரும், வரிசை எப்படிக் கலைஞ்சாலும் கவலை இல்ல. இன்னொரு லாபம் என்னன்னா கம்பெனிக்காரன் ஐபிய மாத்திக் குடுத்தா சிங்-01க்கு உள்ள போயி அட்ரஸ மட்டும் எடிட் பண்ணுவீங்க, அழிச்சிட்டு புதுசு போட வேண்டியதே இல்ல, அசைன்மெண்ட் அப்படியே நிக்கும். உங்களுக்கு நடந்தது நடந்தே இருக்காது.

அப்பறம் எக்செல். அது பாஸ்வேர்ட கெடுக்கும். 0047னு ஆரம்பிச்சா முன்னாடி இருக்க பூஜ்யத்த தின்னுரும், மார்ச்1னு இங்கிலீஷ்ல இருந்தா தேதியாக்கிரும், பதினஞ்சு இலக்கத்துக்கு மேல நம்பரா இருந்தா கடைசி இலக்கமெல்லாம் பூஜ்யம். காலத்த மொதல்ல டெக்ஸ்ட்னு வச்சிட்டு அப்பறம் ஒட்டுங்க. பாஸ்வேர்டுக்குள்ள முக்காற்புள்ளி (:) இருந்தா ஹோஸ்ட், போர்ட், யூசர், பாஸ்வேர்டுன்னு அதே குறிய வச்சு பிரிக்கிற இம்போர்ட் எல்லாம் ஒடஞ்சிரும். @ இருந்தா யுஆர்எல் மாதிரி எழுதுறப்ப %40னு எழுதணும். எங்களுக்கு 407 எரர் (ப்ராக்ஸி யூசர்நேம் பாஸ்வேர்டு சரியில்லன்னு வர்றது) வந்துக்கிட்டே இருந்து கம்பெனிக்காரன திட்டித் தீத்தாங்க எங்க ஆளுக, கடைசில பாத்தா எக்செல் தின்ன பூஜ்யம்.

#6 டர்போ_தம்பி

ப்ரோ கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க, ஒரு ப்ராக்ஸில எத்தன அக்கவுண்ட் ஓட்டலாம்? எனக்கு ஒரு ஹோட்டல் ப்ராஜெக்ட் இருக்கு, அம்பது அறுபது அக்கவுண்ட் போட்டு ரெவ்யூ ஏத்தணும், சீப்பா ரெசிடென்ஷியல் எங்க கெடைக்கும்?

#7 நெறியாளர்

டர்போ_தம்பி, போலி ரெவ்யூவுக்கு இங்க வழி சொல்ல மாட்டோம். இந்த இழை கஸ்டமர் அனுமதியோட அவங்க சொந்த அக்கவுண்ட்ட பாக்குறவங்களுக்கு.

#8 பழைய_சர்வர்

டர்போ தம்பிக்கு ஒண்ணு மட்டும். சீப் ரெசிடென்ஷியல்னு நீங்க வாங்குறது பல நேரம் எவனோ ஒருத்தன் வீட்டு கம்ப்யூட்டரோட ஐபி, அவனுக்கே தெரியாம. ஃப்ரீ விபிஎன்னு எறக்குவான், உள்ள இது ஒக்காந்துருக்கும். 2024 மே மாசம் அமெரிக்க அரசாங்கம் மத்த நாடுகளோட சேந்து 911 எஸ்5னு ஒரு கும்பல மடக்குச்சு, ஒரு கோடியே தொண்ணூறு லட்சத்துக்கு மேல ஐபி அட்ரஸ் அவனுக கைல இருந்துச்சு, எல்லாம் இப்படி ஏமாத்தி புடிச்சதுதான். அதே ஐபில நேத்து எவன் என்ன பண்ணான்னு உங்களுக்குத் தெரியாது. கஸ்டமர் அக்கவுண்ட்ட அந்த வழில தொறக்குறது தெருவுல கெடந்த சாவிய எடுத்து வீட்டுக்கு போடுற மாதிரி. ஸ்டாட்டிக் ஐபி எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டு பதில் சொல்ற கம்பெனிகிட்ட வாங்குங்க, விலை கூடத்தான் இருக்கும்.

#9 கண்டனூர்க்காரன்

நன்றி அண்ணே, நன்றி அக்கா. பேரு வைக்கிறது நாளைக்கே ஆரம்பிச்சிருவேன்.

டர்போ கேட்ட கேள்வி வேற நோக்கம்னாலும் எனக்கும் அந்த சந்தேகம் இருக்கு. ஒரு கடைக்கு நாலு அக்கவுண்ட் இருக்கு, விளம்பரம் ஒண்ணு, கடை ஒண்ணு, டெலிவரி ஆப் ஒண்ணு, ரெவ்யூ ஒண்ணு. நாலுக்கும் தனித்தனி ப்ராக்ஸியா, இல்ல ஒண்ணே போதுமா? காசும் பாக்கணும்ல.

#10 பழைய_சர்வர்

தனித்தனி. ஒண்ணுல பிரச்சனைன்னா மத்தது தப்பிக்கும்.

#11 பள்ளத்தூர்_பொண்ணு

அண்ணே இதுல நான் உங்களோட ஒத்துப் போகல. நெஜமா ஒரு கடைக்காரர் எப்படி இருப்பாரு? கடைல ஒரு வைஃபை, அதுலதான் விளம்பரமும் பாப்பாரு, டெலிவரி ஆப்பும் தொறப்பாரு, எல்லாம் ஒரே ஐபி. நாம அத நாலாப் பிரிச்சு ஒண்ணு சிங்கப்பூர்ல கெழக்க, ஒண்ணு மேக்க, ஒண்ணு டேட்டாசென்டர்னு விட்டாத்தான் பாக்க விசித்திரமா இருக்கும். நாங்க ஒரு கஸ்டமருக்கு ஒரு ஐபி. ரெண்டு கஸ்டமர் மட்டும் ஒரே ஐபில வரவே கூடாது, அது கண்டிப்பு. ஒருத்தர் கணக்குல எதாவது வில்லங்கம்னா அடுத்தவரு தலைல விடியக்கூடாதுல்ல.

#12 பழைய_சர்வர்

ம்ம். நான் சொன்னது ஸ்க்ரேப்பிங் (ப்ரோக்ராம் வச்சு தளங்கள்ல இருந்து மொத்தமா தகவல் எடுக்குறது) பழக்கத்துல சொன்னது, அங்க தனித்தனியா வைக்கிறதுதான் வழக்கம். கஸ்டமர் அக்கவுண்ட்டுக்கு நீங்க சொல்றதுதான் பொருந்தும். அப்ப அசைன்மெண்ட்ட அக்கவுண்ட்ல கட்டாம கஸ்டமர்ல கட்டுங்க. கஸ்டமர் வரில சிங்-01, அவரோட நாலு அக்கவுண்ட்டும் அதையே எடுத்துக்கும். டேஷ்போர்டுல க்ரூப்பு, டேக்னு எதாவது இருந்தா அதுல ப்ராக்ஸி வைக்க விடுதான்னு பாருங்க தம்பி. விட்டா நாப்பது எடத்துல மாத்துற வேலை பத்து எடத்துல முடியும்.

#13 பேரேடு

இப்பத்தான் இழையப் படிச்சேன். நான் மொதல்ல கணக்குப்பிள்ளை வேலை, அப்பறம்தான் சாஃப்ட்வேர், அதனால எனக்குப் பட்டதச் சொல்றேன்.

எல்லாரும் இப்ப யாருக்கு எந்த ஐபின்னு மட்டும் பேசுறீங்க. போன மாசம் பத்தாம் தேதி மத்தியானம் இந்த அக்கவுண்ட் எந்த ஐபில ஓடுச்சுன்னு கேட்டா எத்தன பேரால சொல்ல முடியும்? தளம் அக்கவுண்ட்ட நிறுத்துனா மொதக் கேள்வியே அதான், இந்த தேதில இந்த ஐபில இருந்து வந்தது நீங்கதானான்னு. நம்ம பக்கம் பழைய பேரேட்டுல ஒருத்தரும் அழிச்சு எழுத மாட்டாங்க, தப்பா ஏறியிருந்தா கீழ ஒரு எதிர் வரி போட்டு சரி பண்ணுவாங்க, அழிச்ச ஏடு வட்டிக்கடைல செல்லாது. அசைன்மெண்ட்டுக்கும் அப்படி ஒண்ணு வைங்க. கஸ்டமர், ப்ராக்ஸி பேரு, அப்ப இருந்த ஐபி, எப்ப இருந்து, எப்ப வரைக்கும், யாரு மாத்துனது, எதுக்கு. மாத்துறப்ப பழைய வரில முடிஞ்ச நேரத்த எழுதிட்டு புது வரி. டேஷ்போர்டுல ஆடிட் லாக் (யாரு எப்ப என்ன மாத்துனாங்கன்ற பதிவு) இருந்தா வாராவாரம் அத எறக்கி வைங்க, நெறைய எடத்துல ரொம்ப நாளு வச்சிருக்க மாட்டான்.

லாக் எவ்வளவு நாள் வைக்கணும்னா, செர்ட்-இன் (இந்திய அரசோட இணையப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுல சிஸ்டம் லாக் எல்லாத்தையும் 180 நாளைக்கு வைக்கச் சொல்லிருக்கு, அதுல கம்பெனிகளும் வருது. அந்தக் கணக்கையே எடுத்துக்கிட்டா ஆச்சு.

ப்ராக்ஸிய டெலீட்டே பண்ணாதீங்கன்றது என் கட்சி. 'ஓய்வு'ன்னு ஒரு டேக் போட்டு கீழ தள்ளிருங்க. அழிச்சு மிச்சம் புடிக்க அது என்ன எடமா அடைக்குது.

#14 குழிப்பணியாரம்

கணக்குப்பிள்ளைகிட்ட டெலீட் பட்டன குடுத்தா இப்படித்தான் 😀 ஆனா சொன்னது நூத்துக்கு நூறு.

#15 கோட்டையூர்_நெட்

நான் பிராட்பேண்ட் கனெக்ஷன் குடுக்குற வேலை. ஒரு சேதி. சில ப்ராக்ஸி கம்பெனில பாஸ்வேர்டு இல்லாம உங்க ஆபீஸ் ஐபிய வொயிட்லிஸ்ட் (இந்த ஐபில இருந்து வந்தா மட்டும் உள்ள விடுன்னு பதியிறது) பண்ணிக்கோன்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல அத நம்பாதீங்க. கரண்டு போயி வந்தா ரூட்டர் திரும்ப டயல் பண்ணும், புது ஐபி வந்துரும், அன்னைக்கு அத்தன ப்ராக்ஸியும் செத்த மாதிரி காட்டும். அதப் பாத்துட்டு யாராச்சும் பதட்டத்துல மாத்தி அசைன் பண்ண ஆரம்பிச்சா முடிஞ்சது.

இன்னொண்ணு, ரூட்டர்ல வான் (WAN, வெளி லைன் பக்கம்) ஐபி என்னன்னு பாருங்க. 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா நீங்க சிஜிநாட்டுக்குள்ள (ஒரே வெளி ஐபிய பல கனெக்ஷனுக்குப் பங்கு போடுற முறை) இருக்கீங்க, அந்த ரேஞ்ச 2012ல இதுக்குன்னே ஒதுக்குனாங்க. வெளிய தெரியிற ஐபி உங்களோடது மட்டும் இல்ல, தெருவே அதுல போகும். அத வொயிட்லிஸ்ட் பண்ணா தெருவுக்கே உங்க ப்ராக்ஸிய தொறந்து விட்ட மாதிரி. மொபைல் ஹாட்ஸ்பாட்டும் பெரும்பாலும் இதே கதைதான். ஒண்ணு மாசம் கொஞ்சம் கூடக் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்குங்க, இல்ல யூசர்நேம் பாஸ்வேர்டுலயே இருங்க.

#16 கண்டனூர்க்காரன்

கோட்டையூர் அண்ணே, பாத்தேன், எங்களுது 100.72ல ஆரம்பிக்குது. யூசர்நேம் பாஸ்வேர்டுதான் வச்சிருக்கோம், தப்பிச்சோம்.

ஆனா அதுல ஒரு கொழப்பம். டேஷ்போர்டுல ப்ராக்ஸி வகைய சாக்ஸ்5னு (எச்டிடிபி மாதிரி இன்னொரு ப்ராக்ஸி முறை) போட்டா டெஸ்ட் பச்சை காட்டுது, அதே ப்ராக்ஸிய சாதா க்ரோம்ல போட்டா ஓட மாட்டேங்குது. எச்டிடிபி போர்ட்டுன்னா ரெண்டுலயும் ஓடுது. ஏன்?

#17 பழைய_சர்வர்

க்ரோமுக்கு சாக்ஸ்5ல யூசர்நேம் பாஸ்வேர்டு குடுக்கத் தெரியாது, எத்தனையோ வருஷமா அப்படித்தான். சாக்ஸ்5 விதிமுறை 1996லயே வந்துருச்சு, பாஸ்வேர்டு முறையும் அதே வருஷம், ஆனா க்ரோம்ல சேக்கல. டேஷ்போர்டு உள்ளுக்குள்ள ஒரு சின்ன ஃபார்வர்டர் ஓட்டி அது வழியா அனுப்பும், அதான் அங்க ஓடுது. நீங்க எச்டிடிபிலயே இருங்க, பாஸ்வேர்டு கேட்டு 407 வர்றதும் அதுலதான் தெளிவாத் தெரியும்.

பச்சைய நம்பாதீங்கன்னு சொல்லணும்னு நெனச்சேன். பெரும்பாலான டெஸ்ட் பட்டன் கனெக்ஷன் கெடைக்குதா, எத்தன மில்லிசெகண்டுன்னு மட்டும் பாக்கும். நமக்கு வேண்டியது வெளிய எந்த ஐபியா தெரியிதுன்னு. சிங்-01க்கு எதிர்பாக்குற ஐபி இதுன்னு எழுதி வச்சு, தெனம் காலைல வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஸ்க்ரிப்ட் எல்லா ப்ராக்ஸி வழியாவும் போயி ஐபி கேட்டு ஒப்பிடணும். மாறியிருந்தா அந்தக் கஸ்டமர் அன்னைக்கு நிறுத்தம். ஒரு தடவ பதில் வரலன்னா செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, கொஞ்சம் விட்டு விட்டு மூணு தடவ பாத்துட்டு முடிவு பண்ணுங்க. செத்தா தானா வேற ப்ராக்ஸிக்கு மாத்துற ஆப்ஷன் இருக்கும், ஆட்டோ ரீப்ளேஸ், ஃபெயில்ஓவர்னு பேரு போட்டுருப்பான், அத அணைச்சு வைங்க. ஸ்க்ரேப்பிங்குக்கு அது வரம், லாகின் அக்கவுண்ட்டுக்கு அது எமன்.

வெப்ஆர்டிசியும் (ப்ரவுசர்ல வீடியோ, ஆடியோ கால் பேசுற வசதி) அணைச்சிருக்கான்னு ப்ரவுசர் ப்ரொஃபைல்ல பாருங்க. அது யுடிபின்ற முறைல தகவல் அனுப்பும், எச்டிடிபி ப்ராக்ஸி யுடிபிய எடுத்துட்டுப் போகாது, அது நேரா வெளிய போயி காரைக்குடி ஐபிய சொல்லிரும். ரூட்டர்ல பூட்டியிருந்தா இதுவும் சேந்து அடைபடும். டைம்ஸோனும் பாருங்க, சிங்கப்பூர் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, ஐபி அங்க, கடிகாரம் இங்கன்னு இருக்கக்கூடாது.

#18 சிங்கை_வாசி

இங்க ஒரு நம்ம ஊரு சாப்பாட்டுக் கடைக்கு நான் செஞ்சு குடுத்தத சொல்றேன், உங்களுக்கு ஒதவும். ப்ராக்ஸியே வாங்கல. கடைல ரூட்டருக்குப் பக்கத்துல ஒரு ராஸ்பெரி பை (கைக்குள்ள அடங்குற சின்ன கம்ப்யூட்டர்) வச்சேன், அதுல வயர்கார்டு (விபிஎன் டனல் போடுற சாஃப்ட்வேர்), ஒரு சின்ன விபிஎஸ்க்கு (வாடகைக்கு எடுத்த சர்வர்) அதுவே வெளிய டயல் பண்ணும், அதனால கடை ரூட்டர்ல போர்ட் தொறக்குற வேலை இல்ல, 25 செகண்டுக்கு ஒரு தடவ கீப்அலைவ் (லைன் உயிரோட இருக்க அனுப்புற சின்ன சிக்னல்) போட்டா லைன் அறுகாது. அந்த ராஸ்பெரி பைலயே ஸ்க்விட்ன்ற ப்ராக்ஸி சாஃப்ட்வேர் ஓடுது, 3128 போர்ட்டு, டனல் வழியா வர்றவங்களுக்கு மட்டும்தான் தொறந்துருக்கு. ஊர்ல இருக்க பையன் அக்கவுண்ட்ட தொறந்தா கடையோட சொந்த ஐபிலதான் போகுது, ஓனர் போன்ல தொறக்குற அதே ஐபி. லாக்குன்ற பேச்சே இல்ல. கடை ஐபி மாறுனாலும் ஓனருக்கும் சேந்து மாறுது, அது இயல்புதான.

ராத்திரி கடைய பூட்டுறப்ப மெயின் சுவிட்ச அணைச்சிட்டுப் போவாரு, அது ஒண்ணுதான் தொல்லை. ராஸ்பெரி பைக்கு மட்டும் தனி பிளக் குடுத்து மேல அணைக்காதீங்கன்னு ஒட்டி வச்சேன்.

#19 கண்டனூர்க்காரன்

அண்ணே இது அருமை. எங்க சிங்கப்பூர் கடைக்காரர் பொங்கலுக்கு வர்றாரு, கைலயே ஒண்ணு குடுத்து விட்ரலாம். அவருகிட்ட ஒழுங்கா எடுத்துச் சொல்லி எழுதி வாங்கிட்டுத்தான் வைக்கணும், அவரு லைன் அது.

#20 பள்ளத்தூர்_பொண்ணு

சிங்கை அண்ணே சொன்னதப் படிச்சதும் எனக்கு ஒண்ணு தோணுது, இத மொதல்லயே கேட்டுருக்கணும். கண்டனூர் தம்பி, உங்க லிஸ்ட்ல பாதிக்கு ப்ராக்ஸியே வேணாமே? விளம்பரம், பேஜ் எல்லாம் மெட்டா (ஃபேஸ்புக்) பிசினஸ்ல பார்ட்னர் ஆக்சஸ் குடுக்கலாம், ஓனர் அவரு அக்கவுண்ட்ல இருந்தே உங்க ஏஜென்சிய சேத்து விட்டா நீங்க உங்க சொந்த லாகின்ல காரைக்குடில இருந்தே பாக்கலாம். கூகுள் ஆட்ஸ்க்கு மேனேஜர் அக்கவுண்ட் இருக்கு, மேப்ல வர்ற கடை ப்ரொஃபைலுக்கு மேனேஜரா சேக்கலாம். ஷாப்பிஃபைல கொலாபரேட்டர் இருக்கு. இங்க எல்லாம் நீங்க இந்தியால இருந்து வர்றீங்கன்றது அவங்களுக்குத் தெரிஞ்சதுதான், தப்பே இல்ல. பாஸ்வேர்டு உங்க கைக்கு வரவே வேணாம், ஓனருக்குப் புடிக்கலன்னா ஒரு க்ளிக்ல உங்கள எடுத்து விட்ருவாரு.

ப்ராக்ஸி எங்க வேணும்னா ஒரே ஒரு லாகின் மட்டும் குடுக்குற தளம், சில டெலிவரி ஆப்பு, அப்பறம் அந்த ஊர்ல விளம்பரம் எப்படித் தெரியிதுன்னு பாக்குறதுக்கு. அதுலயும் அந்த தளத்தோட விதில ஏஜென்சிய விடுதா, ப்ராக்ஸிய விடுதான்னு படிச்சிட்டு வைங்க. எங்ககிட்ட இந்த வேலைய முடிச்சப்ப ப்ராக்ஸி பில்லு பாதிக்கும் கீழ போயிருச்சு, எம்டிக்கு அன்னைக்கு இருந்த சந்தோஷம்.

#21 பழைய_சர்வர்

இதான் மொத பதிலா இருந்துருக்கணும். நான் டேட்டாபேஸ்ல போயி ஒக்காந்துட்டேன்.

#22 கண்டனூர்க்காரன்

ரெண்டு நாளு வரல, வேலை ஓடிட்டு இருந்துச்சு. இப்ப எப்படி இருக்குன்னா:

பார்ட்னர் ஆக்சஸ் கேட்டு கஸ்டமர் எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட்டு போட்டோம், ஸ்க்ரீன்ஷாட்ல அம்புக்குறி போட்டு அனுப்புனோம், பாதிப் பேரு குடுத்துட்டாங்க. டைல்ஸ்காரர் ஒருத்தரு எதுக்கு இதெல்லாம், பாஸ்வேர்டுதான் குடுத்துட்டேனேன்னு கோவிச்சுக்கிட்டாரு, நேர்ல போயித்தான் சொல்லணும். மிச்சம் இருக்கதுக்கு மட்டும் ப்ராக்ஸி, கஸ்டமருக்கு ஒண்ணு, பேரு வச்சாச்சு. டேஷ்போர்டுல டெலீட் உரிமைய அட்மினுக்கு மட்டும்னு மாத்திட்டோம், புள்ளைங்களுக்கு ஓப்பன் பட்டன் மட்டும்தான் தெரியும், ப்ராக்ஸி பாஸ்வேர்டு தெரியாது. ரூட்டர் பூட்டு கோட்டையூர் அண்ணன் வந்து போட்டுக் குடுத்தாரு, ப்ராக்ஸி இல்லாத அக்கவுண்ட்ட வேணும்னே தொறந்து பாத்தோம், லோடு ஆகல. பேரேடு அண்ணே, உங்க வரிசையும் ஒரு ஷீட்ல ஆரம்பிச்சாச்சு. சிங்கப்பூர் கடை அக்கவுண்ட் திரும்ப வந்துருச்சு.

இப்ப ஒரே ஒரு இடிப்பு. புதுசா வாங்குன சிங்-02 ஐபிய ஒரு சைட்ல பாத்தா சிங்கப்பூர்னு காட்டுது, இன்னொண்ணுல ஹாங்காங்னு காட்டுது. கம்பெனிக்காரன் சிங்கப்பூர்தான்னு சத்தியம் பண்றான். எத நம்புறது? இன்னும் அசைன் பண்ணல.

#23 சிங்கை_வாசி

ஒவ்வொரு சைட்டும் ஒவ்வொரு ஜியோஐபி டேட்டாபேஸ் (எந்த ஐபி எந்த ஊர்னு பட்டியல்) வச்சிருக்கும், எல்லாம் யூகம்தான். நம்ம பக்கத்து நாடுகளுக்கு ஐபி ஒதுக்குறது ஏப்நிக்ன்ற அமைப்பு, அங்க அந்த ரேஞ்ச் ஹாங்காங் கம்பெனி பேருல பதிவாகியிருக்கும், மெஷின் சிங்கப்பூர்ல இருக்கும், சில டேட்டாபேஸ் பதிவ மட்டும் பாத்து எழுதிரும். ட்ரேஸ்ரூட் (லைன் எந்தெந்த எடம் வழியா போகுதுன்னு காட்டுற கமாண்ட்) போட்டுப் பாருங்க. சென்னைல இருந்து சிங்கப்பூருக்கு நேரா கடலடி கேபிள் இருக்கு, லைன் அந்த வழியா போனா பதில் சீக்கிரம் வரும், ஹாங்காங்னா கூட எடுக்கும். சுத்திப் போற லைனும் உண்டு, அதனால அத மட்டும் வச்சு முடிவு பண்ணிராதீங்க.

#24 பழைய_சர்வர்

ட்ரேஸ்ரூட்ல நெஜ எடம் ஓரளவு தெரியும் தம்பி, ஆனா உங்க தளம் நெஜ எடத்தப் பாக்கப் போறதில்ல, அது காசு குடுத்து வாங்குன டேட்டாபேஸத்தான் பாக்கும். ரெண்டுல ஒண்ணு ஹாங்காங்னா அதுவும் அப்படி நெனைக்க எடம் இருக்கு. ஐபி வச்சிருக்கவங்களே எந்த ரேஞ்ச் எந்த ஊர்னு ஒரு ஃபைல்ல எழுதி வெளியிடலாம், ஜியோஃபீட்னு பேரு, 2020ல அதுக்கு ஆர்எஃப்சியே (இணைய விதிமுறை ஆவணம்) வந்துச்சு, அத போட்டுருக்கியான்னு கம்பெனிகிட்ட கேளுங்க. போட்டுருந்தாலும் டேட்டாபேஸ்காரன் எடுத்துக்க நாளாகும். அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, வேற ஐபி மாத்திக் குடுன்னு கேளுங்க, வாங்கி ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ளன்னா பெரும்பாலும் மாத்திக் குடுப்பான். மாத்திக் குடுத்தா சிங்-02லயே எடிட் பண்ணுங்க, புதுசாப் போடாதீங்க.

#25 பேரேடு

எடிட் பண்றதுக்கு முன்னாடி பழைய ஐபிய ஷீட்ல ஒரு வரி எழுதிருங்க. அசைன் பண்ணலன்னாலும் எழுதுங்க, பில்லுல அந்த ஐபிதான் இருக்கும்.

#26 கண்டனூர்க்காரன்

மாத்திக் குடுத்துட்டான். நாலு சைட்லயும் சிங்கப்பூர்னு காட்டுது. ஷீட்ல எழுதிட்டு, எடிட் பண்ணிட்டு, அசைன் பண்ணியாச்சு. டைல்ஸ்காரர்கிட்ட நாளைக்குப் போறேன்.